மூன்று கயாக்குகள், ஒரு சிறிய கார்: எந்த டிரெய்லர் வாங்கலாம்?

ஏரிக்கரை (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் எங்கள் வீட்டில் மூன்று கயாக்குகள் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகுகள்) இருக்கின்றன. 14 அடியில் இரண்டு, மகளுக்கு 10 அடியில் ஒன்று. பெரியவை தலா 26 கிலோ, சிறியது 18 கிலோ. மூன்றும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை.

ஐந்து கோடைகளாக இரண்டைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போய்வந்தோம். மனைவி ஒரு முனை, நான் ஒரு முனை என்று தூக்கிவைப்போம். மார்ச் மாதம் அவளுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. துடுப்புப் போடத் தடையில்லை, ஆனால் தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் தண்ணீரை அதிகம் நேசிப்பவள் அவள்தான். தூக்க முடியவில்லை என்பதற்காக அவள் இந்தக் கோடையைக் கரையில் உட்கார்ந்து கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மகளின் கயாக்கையும் சேர்த்தால் 70 கிலோ. என் காரின் கையேடு கூரைக்கு அனுமதிப்பது தாங்கியின் எடையையும் சேர்த்து 75 கிலோ. ஆகவே கூரை இனி உதவாது. அதே கையேடு காருக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டி 450 கிலோ வரை இழுக்கலாம் என்கிறது.

மூன்று வகைகளைப் பார்த்துவைத்திருக்கிறேன். கட்டடப் பொருள் கடையில் விற்கும் 4×8 அடி மடிப்பு டிரெய்லர், கயாக்கிற்கென்றே செய்த இலகுவான டிரெய்லர், பிக்கரிங்கில் ஒருவர் விற்கும் பழைய ஜெட் ஸ்கீ (நீர் ஸ்கூட்டர்) டிரெய்லர். கடைசியாகச் சொன்னதுதான் மலிவு. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

---

பனிப்பறவை (பிராம்டன்)

தயங்காமல் 4×8 வாங்குங்கள். நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பொருத்தினால் கயாக் ஏறிவிடும். வசந்த காலத்தில் தோட்டத்து மண் ஏற்றலாம், வீடு மாறினால் கட்டில், அலமாரி ஏற்றலாம். ஆண்டில் பத்து நாட்கள் போகும் கயாக்கிற்காகத் தனியாக ஒரு டிரெய்லர் வாங்கி நிறுத்துவது வீண்செலவு.

---

பருத்தித்துறையான் (மார்க்கம்)

தம்பி ஏரிக்கரை, வாங்குவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது. பனிப்பறவை சொல்வது மண் ஏற்றுகிறவருக்குச் சரி. கயாக் ஏற்றுகிறவருக்குச் சரியில்லை. காரணம் வில் தகடு, அதாவது அச்சோடு சேர்ந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும் வளைந்த இரும்புத் தகடு.

அந்த 4×8 டிரெய்லர்கள் 500 கிலோவுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை. அவற்றின் வில் தகடுகள் வளையத் தொடங்குவதற்கே நல்ல பாரம் வேண்டும். உங்கள் மூன்று கயாக்குகளும் சேர்ந்து 70 கிலோதான். அந்த எடைக்கு வில் அசையவே அசையாது. பாதையில் ஒரு குழி வந்தால் சக்கரம் எழும்பும், வில் வாங்காது, டிரெய்லர் முழுவதும் துள்ளும். அந்த அடி நேரே கயாக்கின் அடிப்பாகத்தில் இறங்கும். நெடுஞ்சாலையை விட்டு ஏரிக்குத் திரும்பும் சரளைக்கல் பாதையில் வெற்று டிரெய்லர் துள்ளுவதைப் பின்னால் வருகிற காரிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். கயாக் ஏற்றிய 4×8 ஏறக்குறைய வெற்று டிரெய்லர்தான்.

எவ்வளவு தாங்கும் என்று கேட்டு வாங்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். கயாக்கிற்கு அதைத் திருப்பிக் கேட்க வேண்டும்: எவ்வளவு குறைந்த பாரத்துக்கு இந்த வில் வளைந்து கொடுக்கும்? கயாக்கிற்கென்றே வருகிறவற்றில் மெல்லிய தகடு இருக்கும். யக்கிமா நிறுவனத்தின் அலுமினிய டிரெய்லரில் அதிர்வு தாங்கிகளே வைத்திருக்கிறார்கள். விலை கூடுதல்தான். பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

---

பனிப்பறவை (பிராம்டன்)

ஐயா, துள்ளல் உண்மைதான். அதற்காக நான் அறுபது கிலோ மணல் மூட்டையை அச்சின் மேல் வைத்து ஓட்டுகிறேன். அப்படி வைத்தால் அடங்கிவிடுகிறது.

---

பருத்தித்துறையான் (மார்க்கம்)

அடங்கும், மறுக்கவில்லை. உங்களுடையது பெரிய வாகனம், அறுபது கிலோவை அது உணராது. தம்பியின் கார் சிறியது. ஏறக்குறைய கயாக்கின் எடைக்குச் சமமாக மணலையும் சேர்த்து இழுக்கச் சொல்வது அந்த எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் நல்லதல்ல. 4×8தான் வாங்குவேன் என்றால் வில் அடுக்கிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றச் சொல்வேன். கழற்றிய பிறகு அதில் மண் ஏற்றக் கூடாது. அப்போது எல்லாவற்றுக்கும் பயன்படும் என்ற வாதமும் போய்விடுகிறது.

---

மதுரைக்காரன் (வாட்டர்லூ)

வில்லைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் நீளத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதில் நான் அடிபட்டவன்.

மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் போல டிரெய்லருக்கு ஒரு முன்தண்டு இருக்கிறது. அச்சிலிருந்து காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்புப் பந்து வரை அதன் நீளம் எவ்வளவு என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. 4×8 டிரெய்லர்களில் அது குட்டையாக இருக்கும். 14 அடிக் கயாக்கை அச்சின் மேல் நடுவாக வைத்தால் ஏழு அடி முன்னே வரும், அதாவது 2.1 மீட்டர். நேராக ஓடும்போது தொல்லை இல்லை. பெட்ரோல் நிலையத்தில் ஒடித்துத் திருப்பிப் பாருங்கள். கயாக்கின் மூக்கு காரின் பின்மூலையை நோக்கி வரும். என்னுடையது வந்து பின்விளக்கின் கண்ணாடியை உடைத்தது. மெதுவாகத்தான் திரும்பினேன், சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு: கயாக்கின் மூக்குக்கும் பந்துக்கும் இடையே 90 சென்டிமீட்டராவது வேண்டும். காரின் பாதி அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு கயாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இது இன்னும் முக்கியம். ஆகவே 14 அடிக்கு அச்சிலிருந்து பந்து வரை 3 மீட்டர் வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் காரின் பின்கதவையும் தடையில்லாமல் திறக்கலாம்.

முன்தண்டு நீண்டால் பின்னோக்கி ஓட்டுவதும் எளிதாகும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கிக்கொள்ளும், சிறிய காருக்குப் பின்னால் அது கண்ணாடியிலும் தெரியாது. மடங்கிய பிறகுதான் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். நீண்டது மெல்லத் திரும்பும், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும்.

---

நீலத்துடுப்பு (கிங்ஸ்டன்)

ஏரிக்கரைத் தம்பி, உங்கள் மனைவியின் தோளை நினைத்து எழுதுகிறேன். எனக்கு வயது 58. எனக்கும் தோள்கள் இரண்டும் தேய்ந்துபோனவை. ஆனாலும் 17 அடிக் கயாக்கைத் தனியாகத்தான் ஏற்றி இறக்குகிறேன்.

இதுவரை எழுதியவர்கள் உயரத்தைச் சொல்லவில்லை. குறுக்குச் சட்டம் உங்கள் மனைவியின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். என் டிரெய்லரில் பின்சட்டம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர். கயாக்கை டிரெய்லருக்குப் பின்னால் நீளவாக்கில் புல்லில் வைப்பேன். மூக்கை மட்டும் தூக்கிப் பின்சட்டத்தின் மேல் வைப்பேன். அப்போது கையில் வருவது பாதி எடைதான், அதுவும் முழங்காலை மடக்கி எழுவதால் கால்களில் வருகிறது, தோளில் அல்ல. பிறகு பின்முனைக்கு நடந்து போய், அதைத் தூக்கி முன்னோக்கித் தள்ளுவேன். தாங்கிகளின் மேல் பழைய கம்பளத் துண்டை ஒட்டியிருக்கிறேன், கயாக் வழுக்கிக்கொண்டு போகும். கை எந்தக் கட்டத்திலும் மார்பு உயரத்தைத் தாண்டாது.

இரண்டடுக்கு டிரெய்லர் வாங்க வேண்டாம். மேலடுக்கு கூரை உயரத்துக்கே வந்துவிடும். பழைய தொல்லை அப்படியே திரும்பி வரும். மூன்று கயாக்குகளை ஒரே அடுக்கில், இரண்டைப் படுக்கையாகவும் சிறியதை நடுவில் பக்கவாட்டில் நிறுத்தியும் வைக்கலாம்.

---

ஏரிக்கரை (ஸ்காபரோ)

அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உடனே அளவுநாடாவை எடுத்துத் தன் இடுப்பு உயரத்தை அளந்தாள். 94 சென்டிமீட்டர். சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

ஜெட் ஸ்கீ டிரெய்லரைச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஓட்டுநர் உரிமம், பதிவு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

பருத்தித்துறையான் (மார்க்கம்)

சட்டம் எளிது. ஒன்ராறியோவில் சாதாரணமாகக் கார் ஓட்டும் உங்கள் ஜி (G) உரிமமே போதும், அது 4,600 கிலோ டிரெய்லர் வரை அனுமதிக்கிறது. டிரெய்லரில் தனியாக பிரேக் வேண்டும் என்ற விதி 1,360 கிலோவில்தான் தொடங்குகிறது. இலக்கத் தகடும் அனுமதிப் பத்திரமும் ஒருமுறை எடுத்தால் போதும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. பழையது வாங்கும்போது விற்பவரின் அனுமதிப் பத்திரத்தைக் கையெழுத்துடன் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பந்துக்கு மேலதிகமாகப் பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம் வேண்டும். இரண்டு சங்கிலிகளையும் முன்தண்டுக்குக் கீழே குறுக்காகப் போட்டுக் கொளுவுங்கள். பந்திலிருந்து கழன்றால் முன்தண்டு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தாங்கும்.

கயாக் டிரெய்லரின் பின்முனையைத் தாண்டி 1.5 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புத் துணி, இருட்டினால் சிவப்பு விளக்கு. 14 அடிக் கயாக் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அளந்து பார்த்துக்கொண்டிருக்காமல் துணியைக் கட்டிவிடுங்கள்.

இனி சனிக்கிழமைக்கு. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதுதான் அதிகம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள்.

சக்கரத்தின் அளவைப் பாருங்கள். 8 அங்குலச் சக்கரம் 12 அங்குலத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓடினால் அதன் நடுவில் உள்ள குடத்துக்குள் (hub) இருக்கும் பேரிங் சூடேறும். ஏரிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால் 8 போதும். வடக்கே அல்கோன்குவின் பூங்கா வரை போகிறவருக்கு 12.

குடத்தின் நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மசகு தேன் நிறத்திலோ நீல நிறத்திலோ கருப்பாகவோ இருக்கலாம். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. படகு டிரெய்லர்களின் நோய் இது. ஓடிச் சூடான குடத்தைக் குளிர்ந்த ஏரிக்குள் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நீங்கள் எதை வாங்கினாலும் சக்கரத்தைத் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். கயாக்கைக் கையில் கொண்டுபோகலாமே, எதற்கு இறக்க வேண்டும்?

---

மதுரைக்காரன் (வாட்டர்லூ)

கார் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறிய காருக்கு ஒன்றேகால் அங்குலக் குழாயுள்ள முதல் வகுப்புக் கொளுக்கி (hitch, பந்தைத் தாங்கக் காரின் பின்னடியில் பொருத்தும் சட்டம்) போதும். கொளுக்கியின் மேல் 2,000 பவுண்டு என்று எழுதியிருக்கும். அது கொளுக்கியின் வலு, உங்கள் காரின் வலு அல்ல. உங்கள் எல்லை கையேட்டில் உள்ள 450 கிலோதான். சில கார்களுக்கு இங்கே இழுக்கவே கூடாது என்று கையேடு சொல்லும், ஐரோப்பாவில் அதே காருக்கு நல்ல அனுமதி இருக்கும். அதைக் காட்டி வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் எடுத்துப் பார்க்கப்போவது இங்கே விற்ற காரின் கையேட்டைத்தான்.

விளக்குக்கு நான்கு கம்பிகள். பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை தரைக்கம்பி. காரில் திரும்பும் விளக்கு தனி மஞ்சளாக இருந்தால் இடையில் ஒரு மாற்றிப் பெட்டி தேவை. விளக்கு மினுக்கினால் பல்பை மாற்றுவதற்கு முன் வெள்ளைக் கம்பியைப் பாருங்கள். ஹன்ட்ஸ்வில்லில் ஓர் அந்திப் பொழுதில் என் வலது விளக்கு அணைந்துபோனது. பிரேக்கை மிதித்தால் இடது விளக்கும் சேர்ந்து மங்கியது. வெள்ளைக் கம்பியைச் சட்டத்தோடு பிணைத்திருந்த திருகாணியைக் கழற்றினேன். அதன் கீழே ஒரு டாலர் நாணய அளவுக்குத் துரு. பேனாக்கத்தியால் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டித் திரும்ப முறுக்கினேன். இரண்டு விளக்குகளும் எரிந்தன. இங்கே குளிர்காலத்தில் பாதையில் கொட்டும் உப்பு அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். துத்தநாகம் பூசிய சட்டமோ அலுமினியமோ வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

---

ஏரிக்கரை (ஸ்காபரோ)

பிக்கரிங் போய்வந்தேன். டயரில் 3111. மூடியைக் கழற்றச் சொன்னபோது விற்பவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சுத்தியலால் தட்டிக் கழற்றினார். ஐயா சொன்ன அதே பால்தேநீர் நிறம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் வேறொன்று அகப்பட்டிருக்கிறது. கயாக்கிற்கென்றே செய்தது, துத்தநாகம் பூசியது, 12 அங்குலச் சக்கரம், டயர் மூன்று ஆண்டுப் பழையது. எடை 110 கிலோ என்கிறார். பின்சட்டம் 72 சென்டிமீட்டர் உயரம். சுவரில் போட்ட கோட்டுக்கு நன்றாகவே கீழே. ஆனால் அச்சிலிருந்து பந்து வரை 2.6 மீட்டர்தான். கயாக்கை 40 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவைத்தால் சரியாகிவிடாதா?

---

பருத்தித்துறையான் (மார்க்கம்)

வேண்டாம் தம்பி. தள்ளினால் பின்பாரம் ஆகிவிடும். ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே எழும்பும், மாட்டின் கழுத்தை இழுக்கும். முன்பாரம் கூடினால் மாடு சுமக்க முடியாமல் நிற்கும். அளவான முன்பாரம் இருக்கிற வண்டிதான் ஒழுங்காக ஓடும்.

டிரெய்லரிலும் அதே கதைதான். மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு பந்தின் மேல் இறங்க வேண்டும். அது குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். சிறிய காரின் பின்புறத்தை அது இரண்டு பக்கமும் இழுத்து ஆட்டும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

உங்கள் கணக்கு: டிரெய்லர் 110, கயாக்குகள் 70, பட்டி, துடுப்பு, மாற்றுச் சக்கரம் எல்லாம் 15 என்று வைத்தால் 195 கிலோ. பந்தின் மேல் 20 முதல் 29 கிலோ வேண்டும். குளியலறை எடைத்தராசை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி முன்தண்டின் நுனியை அதில் இறக்கி அளக்கலாம்.

முன்தண்டை நீட்டுவதுதான் வழி. மரையாணி கழற்றினால் அந்தக் குழாய் வெளியே வந்துவிடும். அதே அகலமும் உயரமும் உள்ள, தடிப்புக் குறையாத இரும்புக் குழாய் ஒன்றை 40 சென்டிமீட்டர் கூடுதல் நீளத்தில் வெட்டுவியுங்கள். பழைய குழாயோடு ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள், ஒட்டிய இடத்தில் முறியும். நீட்டினால் பந்தின் மேல் பாரம் கொஞ்சம் குறையும். மாற்றுச் சக்கரத்தை முன்தண்டின் மேலேயே பொருத்துங்கள், ஈடாகிவிடும். பல சிறிய டிரெய்லர்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே வருகின்றன. அது இல்லாமல் வடக்கே புறப்படாதீர்கள்.

---

நீலத்துடுப்பு (கிங்ஸ்டன்)

கட்டுவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ராட்செட் பட்டி வேண்டாம். அதன் நெம்புகோலுக்குப் பாலிஎத்திலீன் தாங்காது. வெயிலில் நின்ற கயாக்கின் அடி அப்படியே குழிந்துபோகும். கையால் இழுத்து இறுக்கும் பூட்டு உள்ள பட்டி (cam strap) போதும்.

முன்மூக்கில் ஒரு கயிறு கட்டுங்கள், ஆனால் அதை டிரெய்லரின் முன்தண்டில்தான் முடிச்சிட வேண்டும். கூரைப் பழக்கத்தில் சிலர் காரின் பின்கொக்கியில் கட்டிவிடுகிறார்கள். முதல் திருப்பத்திலேயே கயிறு கயாக்கை இழுத்துத் திருகிவிடும்.

இன்னொன்று. 2022 ஜனவரி 1 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. ஏரியை விட்டுக் கிளம்புமுன் படகில் மட்டுமல்ல, டிரெய்லரிலும் ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளையும் பாசியையும் நீர் உயிரினங்களையும் நீக்க வேண்டும், தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து பெருகிய வரிச்சிப்பிகள் (zebra mussels) ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது இப்படித்தான். கம்பளம் ஒட்டிய தாங்கிகளில் செடி சிக்கிக்கொள்ளும், விரலால் தடவிப் பாருங்கள்.

---

ஏரிக்கரை (ஸ்காபரோ)

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பீட்டர்பரோ டிரெய்லரை வாங்கிவிட்டோம். முன்தண்டைப் பட்டறையில் மாற்றிக்கொடுத்தார்கள். எடைத்தராசு 23 கிலோ காட்டியது. காலி வாகன நிறுத்துமிடத்தில் இருபக்கமும் ஒடித்துப் பார்த்தோம். மகள் நடுவில் நின்று மூக்குக்கும் காருக்கும் இடையே கையை வைத்து அளந்தாள். எந்தப் பக்கமும் தொடவில்லை.

சென்ற வாரம் அல்கோன்குவின், கனூ ஏரி. வழியில் பாரி (Barrie) நகரில் நிறுத்திச் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான். நெடுஞ்சாலையில் வலப்புறத் தடத்திலேயே 95இல் வந்தோம், ஆட்டம் இல்லை. ஏரிக்கரையில் நான் பட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்க்கிறேன், மனைவி தன் கயாக்கை இடது கையால் இழுத்துப் பின்சட்டத்திலிருந்து புல்லில் இறக்கிவிட்டாள். கூப்பிடவே இல்லை. அவளும் மகளும் எனக்கு முன்பே தண்ணீரில் இருந்தார்கள்.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரேயொரு கேள்வி பாக்கி. திரும்பி வரும்போது 80ஐத் தாண்டியதும் பட்டி ஒன்று தேனீக்கூட்டம் போல இரைந்துகொண்டே வந்தது. இறுக்கம் சரியாகத்தான் இருந்தது. என்ன செய்யலாம்?

---

நீலத்துடுப்பு (கிங்ஸ்டன்)

கயாக்குக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றில் நிற்கும் பகுதியில் பட்டிக்கு ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டுங்கள் தம்பி. ஒன்று போதும்.